டிஆர்எஸ் நீண்டகாலப் பயன்பாடு: அம்பயர்ஸ் காலை விடுங்கள், பில்லைப் பாருங்கள்

2009 நவம்பரில் டனீடினில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட்டில் டிஆர்எஸ் (கள அம்பயரின் முடிவை ரிவியூ, அதாவது மறுபரிசீலனை, கேட்கும் முறை) அதிகாரப்பூர்வமாகக் களமிறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு இலங்கையில் இந்தியாவோடு வெள்ளோட்டம் பார்த்தார்கள். அதில் சூடுபட்ட இந்திய வாரியம், தன் தொடர்களில் முழு டிஆர்எஸ்ஸுக்கு 2016 இங்கிலாந்து தொடர் வரை தலையாட்டவில்லை. ஐபிஎல்லுக்கு 2018-ல் வந்தது. இத்தனை காலம் ஓடிய ஒரு கருவியைப் பற்றி இனி முதல் அபிப்பிராயம் பேச வேண்டியதில்லை. எங்கே உழைக்கிறது, எங்கே மக்கர் பண்ணுகிறது என்று பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பச்சைத் தவறுகளை ஒழிக்க வந்தது, அந்த வேலையைச் செய்கிறது. பேட்டில் பட்டு பேடுக்குப் போன பந்துக்கு எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட்) கொடுத்து ஆட்டத்தையே மாற்றும் கூத்து, ரிவியூ கையிருப்பில் உள்ளவரை நடக்காது. ஆனால் ரசிகர்கள் அதிகம் திட்டுவது இதன் மிக நேர்மையான பகுதியைத்தான்: அம்பயர்ஸ் கால், அதாவது மயிரிழைப் பந்துக்குக் கள அம்பயரின் முடிவே நிலைக்கும் என்ற விதி. உண்மையான ஓரவஞ்சனை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது: காசு யார் கொடுக்கிறார் என்ற இடத்தில்.

எல்பிடபிள்யூ ரிவியூ எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் குறையும். டி சைகை காட்ட 15 விநாடி. தேர்டு அம்பயர் முதலில் நோபாலா என்று பார்க்கிறார். அடுத்து பேட்டில் பட்டதா. அதற்குப் பிறகுதான் பந்துத் தடம், அதில் மூன்று கட்டங்கள்: பிட்சிங் (எங்கே குத்தியது), இம்பாக்ட் (பேட்டர் மீது எங்கே பட்டது), விக்கெட்ஸ் (ஸ்டம்பில் படுமா). பிட்சிங்கில் அம்பயர்ஸ் கால் கிடையாது; லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இம்பாக்ட், விக்கெட்ஸ் இரண்டிலும் உண்டு. பேட்டர் ஷாட் ஆட முயலாமல் பேடைக் கொடுத்திருந்தால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் தப்ப முடியாது. இதைப் பல வர்ணனையாளர்களே நேரலையில் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அம்பயர்ஸ் கால் என்று காட்டும் அந்த ஆரஞ்சு நிறக் கட்டம். கிரிக்கெட் பந்தின் விட்டம் சுமார் 7.2 செ.மீ. மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்து 22.86 செ.மீ. அகலம். கள அம்பயர் அவுட் என்று சொல்லியிருந்தால், பந்தின் ஏதாவது ஓர் ஓரம் ஸ்டம்பை உரசினாலே போதும், அவுட் நிலைக்கும். நாட் அவுட் என்று சொல்லியிருந்தால், பாதிப் பந்தாவது ஸ்டம்பில் பட வேண்டும். பந்தின் மையப்புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் நிலையில் இலக்கின் அகலம் சுமார் 30 செ.மீ., இரண்டாவதில் சுமார் 23 செ.மீ. பக்கத்துக்கு மூன்றரை செ.மீ. சொச்சம் கொண்ட அந்தப் பட்டையில் மட்டும்தான் கள அம்பயரின் சொல் செல்லும்.

"ஸ்டம்பில் படுகிறது என்று நீயே காட்டுகிறாய், அப்புறம் எப்படி நாட் அவுட்?" இந்தக் கேள்வி ஒவ்வொரு தொடரிலும் எழும். பதில் எளிது. பேடில் பட்டதற்குப் பிறகு திரையில் ஓடும் பந்து நடந்த விஷயம் அல்ல, கணிப்பு. பந்து குத்தியதற்கும் பேடில் பட்டதற்கும் நடுவே கேமராவுக்கு எத்தனை ஃபிரேம் கிடைத்ததோ, அதை வைத்துத்தான் மீதிப் பாதை வரையப்படுகிறது. நல்ல நீளத்தில் குத்தி எழும்பி வந்த பந்துக்கு நிறையத் தரவு கிடைக்கும். யார்க்கருக்குப் பக்கத்தில் குத்தி உடனே காலில் பட்ட பந்துக்குக் கிடைப்பது கைப்பிடி அளவு. இரண்டையும் ஒரே மாதிரி வழவழப்பான கோடாக வரைந்து காட்டுவதுதான் தப்பு. கணிப்பு எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பதை ஒரு மங்கலான வளையமாகப் பந்தைச் சுற்றிக் காட்டினால், அம்பயர்ஸ் கால் மீதான வசவில் முக்கால்வாசி அடங்கிவிடும். இது வரைகலைப் பிரச்சினை, விதியின் பிரச்சினை அல்ல.

விதியும் சும்மா இருக்கவில்லை. 2016-க்கு முன்பு நாட் அவுட்டை மாற்ற, பந்தின் பாதி ஆஃப் ஸ்டம்பின் நடுக்கோட்டுக்கும் லெக் ஸ்டம்பின் நடுக்கோட்டுக்கும் இடையே பட வேண்டும். அதாவது சுமார் 19 செ.மீ. அந்த ஆண்டு அதை ஸ்டம்புகளின் வெளி ஓரம் வரை விரித்தார்கள். 2021-ல் உயரத்துக்கான எல்லையையும் ஸ்டம்பின் உச்சிக்கு ஏற்றினார்கள். இரண்டு மாற்றமும் பந்துவீச்சாளருக்கு, அதிலும் சுழலர்களுக்கு, சாதகம். முன்காலை நீட்டிப் போட்டு "தூரம் அதிகம், கொடுக்க மாட்டார்" என்று தப்பித்த காலம் டிஆர்எஸ்ஸோடு போய்விட்டது. பேட்டர்கள் பேடுக்கு முன்னால் பேட்டைக் கொண்டுவரக் கற்றுக்கொண்டதே இதன் பக்கவிளைவு.

எட்ஜ், அதாவது பந்து பேட்டை உரசியதா என்ற விஷயத்துக்கு வருவோம். எனக்கு நம்பிக்கை குறைவான பகுதி இதுதான். அல்ட்ராஎட்ஜ், ஸ்னிக்கோ இரண்டுமே ஸ்டம்ப் மைக்கின் ஒலியையும் கேமரா காட்சியையும் கோத்துக் காட்டுபவை. கோப்பதில்தான் சிக்கல். 140 கி.மீ. வேகப் பந்து விநாடிக்குச் சுமார் 39 மீட்டர் போகிறது. விநாடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து முக்கால் மீட்டரைத் தாண்டிவிடும். பந்துத் தடம் வரையும் ஹாக்-ஐயின் புதிய கேமராக்கள் போல 340 ஃபிரேம் எடுத்தால் அது 11 செ.மீ. ஆகக் குறையும். ஸ்பைக் (ஒலிக்கோட்டில் எழும் கூர்முனை) வந்த ஃபிரேமில் பந்து பேட்டைத் தாண்டியிருக்கிறதே என்று குழம்புவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். போதாக்குறைக்கு பேட் பேடில் இடித்தாலும், தரையைத் தட்டினாலும் ஸ்பைக் வரும். கூர்மையாக, ஒல்லியாக எழும் ஸ்பைக் பெரும்பாலும் மரத்தில் பந்து உரசியது. அகலமாகக் கொழகொழவென்று வருவது பேடோ துணியோ. வீட்டிலிருந்து பார்ப்பவர் இதை நினைவில் வைத்தால் தேர்டு அம்பயருக்கு முன்னாலேயே முடிவு சொல்லலாம், அநேகமாக.

எந்திரம் சரியாக இருந்தாலும் அதை இயக்குபவர் மனிதர். 2025 டிசம்பரில் அடிலெய்டு ஆஷஸ் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் கேரி 72-ல் இருந்தபோது, கீப்பர் கேட்சுக்கு இங்கிலாந்து ரிவியூ கேட்டது. ஸ்பைக் இருந்தது, ஆனால் பந்து பேட்டை நெருங்கும் முன்பே வந்தது போலத் தெரிந்தது. நாட் அவுட். கேரி சதம் அடித்தார். பிறகு ஸ்னிக்கோ நிறுவனமே பிழையை ஒப்புக்கொண்டது: கருவியை இயக்கியவர் தவறான முனையின் ஸ்டம்ப் மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இங்கிலாந்துக்கு ரிவியூவைத் திருப்பிக் கொடுத்தார்கள். விக்கெட்டை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தத் தொடரில் ஸ்னிக்கோ. வேறு பல நாடுகளில் அல்ட்ராஎட்ஜ். ஏன் இந்த வித்தியாசம்? இருதரப்புத் தொடர்களில் இந்தக் கருவிகளுக்குப் பணம் கட்டுவது ஐசிசி அல்ல, உள்ளூர் ஒளிபரப்பாளர். அவர் எதை வாங்கினாரோ அதுதான் களத்தில். அம்பயர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றுக்கு ஐசிசியே ஏன் பணம் கொடுக்கக் கூடாது, எல்லா இடத்திலும் ஏன் ஒரே நிறுவனம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் அந்தத் தொடரின்போதே கேட்டார். லாபம் அடைந்த அணியின் ஆட்டக்காரர் கேட்டதால் கேள்விக்குக் கனம் கூடுகிறது.

ஒளிபரப்பாளர் பில் கட்டுவதில் இன்னொரு வினை, சந்தேகம். 2022 ஜனவரி கேப்டவுன் டெஸ்ட்டில் அஸ்வின் பந்தில் தென்னாப்பிரிக்காவின் டீன் எல்கருக்குக் கொடுத்த எல்பிடபிள்யூவை, பந்து ஸ்டம்புக்கு மேலே போவதாகக் காட்டி டிஆர்எஸ் மாற்றியது. இந்திய வீரர்கள் ஸ்டம்ப் மைக்கில் ஒளிபரப்பாளரைக் கடிந்தது எல்லோருக்கும் கேட்டது. தடத்தை வரைந்தது ஹாக்-ஐ. அது தனி நிறுவனம், ஒளிபரப்பாளருக்கு அதில் கை வைக்க வழியில்லை. என் கணிப்பில் வீரர்கள் சொன்னது அபத்தம். ஆனால் பணம் கட்டுபவர் உள்ளூர்க்காரர் என்றால் அந்த வாய் எப்போதும் மூடாது.

காசில்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். வங்கதேசத்தின் டி20 லீக்கான பிபிஎல் 2023-ல் லீக் சுற்றைப் பந்துத் தடமே இல்லாத ‘ஏடிஆர்எஸ்’ வைத்து ஓட்டினார்கள். அதாவது ரீப்ளேயைப் பார்த்து தேர்டு அம்பயர் கண்மதிப்பில் சொல்வார். ரஞ்சியில் 2019-20 அரையிறுதிக்கு ஹாக்-ஐயும் அல்ட்ராஎட்ஜும் இல்லாத ‘குறைந்தபட்ச டிஆர்எஸ்’ கொடுத்தார்கள். 2022 இறுதிப் போட்டியில் அதுவும் இல்லை. உலகத்திலேயே பணக்கார வாரியத்தின் முதன்மை உள்ளூர்ப் போட்டி இது. 2024-27 காலத்தில் ஐசிசி வருமானத்தில் சுமார் 38.5 சதவீதம் இந்தியாவுக்கு. அடுத்து நிற்கும் இங்கிலாந்துக்கு 7 சதவீதத்துக்கும் கீழே. ஒரு இறுதி ஆட்டத்துக்கு ஆறேழு கேமரா நிறுத்த முடியவில்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. ரஞ்சியில் தப்பான எல்பிடபிள்யூ வாங்கிய பையனுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. நட்சத்திரத்துக்கு மூன்று ரிவியூ, அந்த இறுதியில் அவனுக்கு ஒன்றும் இல்லை.

ரிவியூ எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்ட்டில் இன்னிங்ஸுக்கு மூன்று, ஒருநாள் மற்றும் டி20-யில் இரண்டு. கோவிட் காலத்தில் உள்ளூர் அம்பயர்களை வைத்து ஆட நேர்ந்ததால் 2020-ல் ஒன்று கூட்டினார்கள், அப்படியே நின்றுவிட்டது. 2017-லிருந்து அம்பயர்ஸ் காலில் தோற்றால் ரிவியூ பறிபோகாது. பதிலுக்கு 80 ஓவருக்குப் பிறகு ரிவியூ புதிதாகக் கிடைத்த சலுகை போனது. நல்ல பேரம்தான்.

2019 ஹெடிங்லி டெஸ்ட்டைப் பாருங்கள். கம்மின்ஸ் பந்தில் இங்கிலாந்தின் ஜாக் லீச்சுக்கு எல்பிடபிள்யூ கேட்டு ஆஸ்திரேலியா கடைசி ரிவியூவை எரித்தது; பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தது. அடுத்த ஓவரிலேயே லயன் பந்து ஸ்டோக்ஸின் பேடில் பட்டது, அம்பயர் அசையவில்லை. ஹாக்-ஐயில் மூன்று கட்டமும் சிவப்பு, அதாவது அவுட். கேட்க ரிவியூ இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. அம்பயர் மீது பழி போடலாம். ஆனால் தவறு நடந்தும் கேட்க முடியாத நிலைமையை உண்டாக்கியது பேராசையில் எரித்த அந்த முந்தைய ரிவியூ. எண்ணிக்கைக்கு வரம்பு தேவை என்றுதான் இன்னமும் சொல்வேன். வரம்பில்லாமல் விட்டால் பேடில் பட்ட எல்லாப் பந்துக்கும் கை உயரும், ஒரு நாளின் 90 ஓவர் 75 ஆகும்.

கேப்டன்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பந்துவீச்சாளரை நம்பாதீர்கள். ஓடிவந்து விழுந்து எழுபவருக்கு எல்லாமே அவுட்தான். லைன் பற்றிக் கீப்பரைக் கேளுங்கள், உயரத்தைப் பற்றி ஸ்கொயரில் (பேட்டருக்குப் பக்கவாட்டில்) நிற்பவரைக் கேளுங்கள். இடக்கை வேகர் ஓவர் த விக்கெட்டில் வலக்கை பேட்டருக்கு வீசினால், ஸ்டம்பை நோக்கி நேராக வரும் பந்து பல சமயம் லெக்குக்கு வெளியே குத்தியிருக்கும். முதல் கேள்வி எப்போதும் ‘எங்கே குத்தியது?’

இவ்வளவு குறை சொன்னாலும் நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2023-ல் சாஃப்ட் சிக்னலை (தேர்டு அம்பயரிடம் அனுப்பும்போது கள அம்பயர் சொல்லும் தற்காலிக முடிவு) ஒழித்தது சரியான முடிவு. எல்லைக்கோட்டருகே நடந்த கேட்சை, களத்தின் நடுவில் நின்றவர் ஊகித்து, பிறகு தேர்டு அம்பயர் அதற்கு எதிராக ஆதாரம் தேட வேண்டும் என்பது என்ன ஏற்பாடு? ஐபிஎல் 2024-ல் வந்த ஸ்மார்ட் ரீப்ளே அதைவிட முக்கியம். ஹாக்-ஐயின் எட்டு அதிவேகக் கேமராக்களை இயக்குபவர்கள் தேர்டு அம்பயரோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். நடுவே இருந்த டிவி இயக்குநர் விலகினார். ஒரே நொடியின் இரண்டு கோணங்களை அருகருகே பார்க்க முடிந்தது. காத்திருக்கும் நேரமும் குறைந்தது.

நேரம் என்றதும் விளம்பரம் நினைவுக்கு வருகிறது. அம்பயர் சட்டையில் விமான நிறுவனத்தின் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது விக்கெட்டை மாற்றாது. ஐபிஎல்லின் ஸ்ட்ராடஜிக் டைம் அவுட் அப்படியல்ல. 2009-ல் ஏழரை நிமிடமாக ஆரம்பித்து, பிறகு இரண்டரை நிமிடம் வீதம் இன்னிங்ஸுக்கு இரண்டு ஆனது. உத்தி என்று பெயர் வைத்தாலும் நடப்பது விளம்பர இடைவேளை. அதற்குப் பிறகு வரும் ஓவரில் செட்டான பேட்டரின் கவனம் சிதறுவதை ஒவ்வொரு கேப்டனும் கணக்கில் வைத்திருக்கிறார். ரிவியூ இடைவெளிக்குள்ளும் அந்த வியாபாரம் நுழையக் கூடாது. பெரிய திரையில் "முடிவு நிலுவையில்" என்ற சொற்களுக்குப் பின்னால் லோகோ மின்னினால் மின்னட்டும். மூன்று கட்டங்களும் நிறம் மாறும் அந்த அரை நிமிடத்தில், படத்தைச் சுருக்கி ஓரத்தில் விளம்பரம் ஓட்டினால், வீட்டிலிருப்பவருக்குப் பந்து குத்திய இடமே தெரியாது. ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு தடை வரி சேர்க்க வாரியங்களுக்குப் பத்து பைசா செலவில்லை.