ஆறு சீசன், மூணு செட் கார்பன் அம்பு: மான் வேட்டையில நான் கத்துக்கிட்டது

மிச்சிகன்ல வில்லு எடுத்துக்கிட்டு மான் வேட்டைக்குப் போக ஆரம்பிச்சு போன நவம்பரோட ஆறு சீசன் ஆச்சு. இத்தனை வருஷமும் ஒரே வில்லுதான், 60 பவுண்ட் இழுவிசை காம்பவுண்ட் (கப்பி வச்ச வில்லு), என் கைக்கு இழுவை நீளம், அதாவது நாண இழுக்குற தூரம், 28 இஞ்ச். அம்பு மட்டும் மூணு செட் மாத்திட்டேன். புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறது "எந்த பிராண்ட் வாங்கலாம்"னுதான், நானும் அப்படித்தான் கேட்டேன், ஆனா அது கடைசியா பாக்க வேண்டிய சமாச்சாரம். (இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், ஊருக்குப் போனப்போ முயற்சி பண்ணிடாதீங்க. இங்க லைசென்ஸ் வாங்கணும், அக்டோபர் 1ல இருந்து நவம்பர் 14 வரைக்கும் வில்லுக்காரங்களுக்குன்னே சீசன், அப்புறம் துப்பாக்கிக்காரங்க வந்துருவாங்க.)

முதல் செட் வாங்குன கதைய சொல்றேன். கடையில இழுவை நீளம் 28, வில்லு 60 பவுண்ட்னு சொன்னதும் சார்ட்ட பாத்துட்டு 400 ஸ்பைன் எடுத்துக் குடுத்துட்டாங்க. ஸ்பைன்னா அம்போட விறைப்பு. 28 இஞ்ச் இடைவெளியில ரெண்டு பக்கமும் தாங்கி வச்சு நடுவுல 1.94 பவுண்ட் எடைய தொங்கவிட்டா எவ்வளவு வளையுதோ அதான் நம்பர், 400ன்னா 0.400 இஞ்ச் வளையும், 340ன்னா 0.340. அதாவது நம்பர் குறையக் குறைய அம்பு விறைப்பு. இதுல நான் கோட்டை விட்டது, சார்ட்ல பாக்க வேண்டியது அம்போட நீளத்த, இழுவை நீளத்த இல்ல. நான் அம்ப வெட்டாம 30 இஞ்ச்லயே விட்டுட்டேன், நுனியில 125 கிரெய்ன் (அம்பு எடைய அளக்குற சின்ன அளவு) முனை வேற மாட்டுனேன். நீளம் கூடுனாலும் முனை எடை கூடுனாலும் அம்பு வில்லுல இருந்து கிளம்பும்போது இன்னும் ஜாஸ்தி வளையும். சார்ட்ல 400ஆ இருந்தது என் வில்லுல கொழகொழன்னு ஆயிடுச்சு.

ஃபீல்டு பாயிண்ட், அதாவது பழகுறதுக்கான பிளேடு இல்லாத முனை, போட்டு அடிச்சப்போ ஒண்ணும் தெரியல, 20 கஜத்துல எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்துது. செப்டம்பர் கடைசியில பிராட்ஹெட் (வேட்டைக்கான பிளேடு வச்ச முனை) மாட்டுனதும்தான் சாயம் வெளுத்துச்சு, 30 கஜத்துல அஞ்சு இஞ்ச் தள்ளிப் போகுது. அந்த பிளேடு முன்னாடி இன்னொரு இறகு மாதிரி காத்த பிடிக்கும், அம்பு கோணலா கிளம்புனா அப்படியே இழுத்துட்டுப் போயிரும். நானோ வில்லுல குறி பாக்குற சைட்ட திருகி சரிபண்ணிட்டதா நெனச்சுக்கிட்டு காட்டுக்குப் போயிட்டேன். அந்த வருஷம் அடிச்ச ஒரே மான், அம்பு பின்னால வயித்துல பட்டுருச்சு. அம்புல பச்சையா பிசுபிசுப்பு, நாத்தம். வயித்துல பட்டா எட்டு மணி நேரமாச்சும் தொடாம விடணும், துரத்துனா ஓடிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் அடிச்சது, விடிஞ்சு போய்ப் பாத்தா கொயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு மிருகம்) முந்திக்கிச்சு. அன்னைக்கு மானுக்கு லைசென்ஸோட வர்ற டேக் கட்டிட்டு வண்டியில வந்து உக்காந்தவன், அரை மணி நேரம் வண்டிய எடுக்கல. என் கை செஞ்சது எவ்வளவு, அம்பு செஞ்சது எவ்வளவுன்னு இப்பவும் பிரிச்சு சொல்ல முடியல.

ரெண்டாவது செட் கோல்ட் டிப் ஹன்டர் 340, 28.5 இஞ்ச்க்கு வெட்டுனது. அதே 125 கிரெய்ன் முனை, மொத்தம் 420 கிரெய்ன் பக்கம். இந்த தடவை பேப்பர் வழியா அடிச்சுப் பாத்தேன், பழைய அம்பு ஒரு பக்கமா நீளமா கிழிச்ச பேப்பர்ல இது ஓட்டையும் மூணு இறகு கீறலும் மட்டும் போட்டுச்சு. பிராட்ஹெட்டும் ஃபீல்டு பாயிண்ட்டும் ஒரே இடத்துல போச்சு. அன்னைக்கே பாதி பிரச்சனை தீந்துது. நேர்த்தன்மை, அதாவது அம்பு எத்தனை இஞ்ச் கோணல்ங்கிறது, 0.006, 0.003, 0.001ன்னு விலை ஏறிக்கிட்டே போகுமே, அதுல காச கொட்டாதீங்க. மரத்து மேல இருந்து 25 கஜத்துல அடிக்கிறவனுக்கு 0.006க்கும் 0.001க்கும் வித்தியாசமே தெரியல, நான் ரெண்டும் கலந்து அடிச்சுப் பாத்துட்டேன். ஒரு அம்பு மட்டும் தள்ளிப் போச்சுன்னா நாக்க (nock, அம்போட வால்ல நாண் மாட்டுற காடி) கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்க, முக்காவாசி சரியாயிடும்.

இப்ப இருக்குற மூணாவது செட் ஈஸ்டன் ஆக்சிஸ் 340, 5 மில்லிமீட்டர் ஒல்லி அம்பு. உள்ள 50 கிரெய்ன் பித்தளை இன்செர்ட் (முனைய திருகி மாட்ட அம்புக்குள்ள ஒட்டுற துண்டு), முனை 125, மொத்தம் 470 சொச்சம். முன்னாடி செகண்டுக்கு 261 அடி வேகம் வந்தது இப்ப 246. வேகம் போச்சேன்னு பசங்க சிரிச்சாங்க. கணக்கு போட்டா அடி பலம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 25 கஜத்துல இருக்குற மானுக்கு நாண் சத்தம் 0.07 செகண்ட்ல போயிரும், அம்பு போய்ச் சேர 0.3 செகண்ட். சத்தம் கேட்டதும் அது பாயுறதுக்காக உடம்ப தாழ்த்தும். லேசான அம்பு போட்டா அந்த 0.3ல 0.02 மிச்சமாகும், அவ்வளவுதான், ஆனா வில்லு நல்லா சத்தம் போடும். கனமான அம்புல வில்லு "தொப்"புன்னு அடங்கிருது. நஷ்டம்னா, தூரம் தப்பா கணிச்சா லேசான அம்ப விட ஜாஸ்தி கீழ இறங்கும், அதனால தூரம் அளக்குற ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாம நான் மரம் ஏறுறதில்ல.

இன்செர்ட் ஒட்டுறதுல என் சோம்பேறித்தனம் ஒண்ணு. குளிர்ல கராஜ்ல உக்காந்து ஆல்கஹால் வச்சு துடைக்காம எபாக்ஸி பசை போட்டேன், டார்கெட்ல இருந்து அம்ப உருவுனா அம்பு மட்டும் வருது, இன்செர்ட்டும் முனையும் உள்ளயே. மூணு அம்பு அப்படி.

அப்புறம் ஒவ்வொரு தடவ அடிக்கிறதுக்கு முன்னாடியும் அம்ப ரெண்டு கையாலயும் வளச்சு காதுகிட்ட வச்சுக் கேளுங்க. போன ஆகஸ்ட்ல ஒரே புள்ளியில ரெண்டு அம்பு அடிச்சு உரசிருச்சு, பாத்தா கீறல் கூட இல்ல, வளச்சா "கிறிச்"ன்னு உள்ள சத்தம். பஞ்ச எடுத்து மேல தேய்ச்சேன், ஒரு இடத்துல நாலு இழை பஞ்சு மாட்டிக்கிச்சு. அத அப்படியே விட்டுருந்தா நாண் விட்டதும் கார்பன் சில்லு சில்லா முன்கையில ஏறியிருக்கும். அந்த அம்ப ரெண்டா ஒடிச்சு குப்பையில போட்டேன். மான் உடம்புக்குள்ள அம்பு ஒடிஞ்சாலும் அந்த இடத்துக் கறிய தாராளமா வெட்டித் தள்ளிருங்க, கண்ணுக்குத் தெரியாத இழை இருக்கும்.

இறகு கலர் ஸ்டைல்னு நெனச்சு முதல் செட்ல கருப்பு வாங்குனேன். கருப்புல ரத்தத்தோட நிறம் தெரியாது. இப்ப வெள்ளை. போன அக்டோபர்ல 22 கஜத்துல ஒரு பெண் மான், அம்பு ஊடுருவி அந்தப் பக்கம் மண்ணுல குத்தி நிக்குது, வெள்ளை இறகுல இளஞ்சிவப்பா நுரை, சின்னச் சின்ன குமிழி. நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து இறங்குனேன், 70 கஜத்துல கெடந்துச்சு.

டஜன்ல இப்ப ஏழு மிச்சம். மூணு இன்செர்ட் போனது, ஒண்ணு ஒடிச்சது, ஒண்ணு எங்கயோ இலைக்குள்ள போய் புதைஞ்சுருச்சு. செப்டம்பருக்குள்ள அதே 340ல அரை டஜன் வாங்கி வெட்டணும், இந்த தடவ கராஜ்ல இல்ல, சமையல்கட்டு மேசையில வச்சு ஒட்டலாம்னு இருக்கேன், வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல.