சரக்கு துறைமுகம் சேர்ந்த பிறகு வரும் தரப் புகார்: திருப்பூர் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பையிங் ஏஜென்ட் (வெளிநாட்டில் வாங்குபவருக்காக, அதாவது பையருக்காக, இங்கே ஆர்டர் கொடுக்கும் இடைத்தரகர்) மூலமாக ஐரோப்பிய ஆர்டர் எடுக்கும் சிறு பின்னலாடை நிறுவனத்தினர், எங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைப்படி ஏஜென்டின் பெயரையோ பையரின் பெயரையோ குறிப்பிடவில்லை.

முதலில் வந்தவை சிறிய ஆர்டர்கள். பாதித் தொகை முன்பணமாக வந்தது. மீதியும் சொன்ன தேதிக்கு முன்பே வந்து சேர்ந்தது. அதன் பின்னர் வந்த பெரிய ஆர்டரில் முன்பணம் கிடையாது என்றும், சரக்கை எடுக்கத் தேவையான ஆவணங்களை வங்கிக்கு அனுப்பினால் பையர் பணம் கட்டிப் பெற்றுக்கொள்வார் என்றும் ஏஜென்ட் கூறினார். சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒவ்வொரு லாட்டுக்கும் ஷேட் (நிறச் சாயல்) ஒப்புதல் வாங்கினோம். இறுதி ஆய்வை ஏஜென்டின் தர ஆய்வாளரே ஏ.க்யூ.எல். 2.5 (மாதிரி எடுத்துப் பார்க்கும்போது ஏற்கத்தக்க குறைகளின் வரம்பு) அளவில் செய்து, 'பாஸ்' என்று கையெழுத்திட்டார். தூத்துக்குடியிலிருந்து சரக்கு கிளம்பியது.

ஹாம்பர்க் துறைமுகத்தில் சரக்கு இறங்கிய பிறகு, ஆவணங்களை எடுக்காமலேயே பையர் புகார் அனுப்பினார். நிறம் மாறியிருக்கிறதாம், தையல் பிரிகிறதாம். விலையில் 30 சதவீதம் குறைத்தால் எடுத்துக்கொள்வாராம். ஆதாரமாக அனுப்பிய படங்களில் ஒன்றில் தெரிந்த வாஷ்கேர் லேபிள் எங்களுடையதே அல்ல. அதைச் சுட்டிக்காட்டிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஏஜென்ட் சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஒரு தடவை விட்டுக் குடுத்துருங்ணா, அடுத்த சீசன்ல வெலையில சரிக்கட்டிக்கலாம்."

இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கு அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் (துறைமுகத்தில் தேங்கும் சரக்குக்கான கட்டணம்) ஏறுகிறது. பையரின் பிராண்டும் விலைச்சீட்டும் பதித்த ஆடைகளை வேறொருவருக்கு விற்க முடியாது. திரும்பக் கொண்டுவந்தால் கப்பல் வாடகையே மிச்சத்தை விழுங்கிவிடும். இங்கேயோ நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் பவர்டேபிள்காரருக்கும் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்) பணம் கொடுத்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. அந்தச் சட்டம் நம் பவர்டேபிள்காரரைக் காப்பது நியாயம்தான், ஆனால் ஹாம்பர்க்கில் இருப்பவரை அது தொடாது. இந்த நெருக்கடியைக் கணக்கிட்டுத்தான் தள்ளுபடித் தொகையே முடிவு செய்யப்படுகிறது என்பது என் கருத்து.

இ.சி.ஜி.சி. காப்பீடு (ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனத்தின் காப்பீடு) இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பதைப் பார்க்கிறேன். பையர் திவாலானாலோ, காரணமின்றிப் பணம் தராவிட்டாலோ அது உதவும். தரத்தைப் பற்றித் தகராறு என்று பையர் எழுதிவிட்டால், அவருடைய நாட்டு நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமான தீர்ப்புப் பெற்றால் தவிர பொதுவாக இழப்பீடு கிடைக்காது. புகார்க் கடிதம் அவ்வளவு கவனமாக எழுதப்படுவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) கேட்டு வாங்கினாலும் அதை வரிவரியாகப் படியுங்கள். 2007 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது. ஆகவே 'பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ்' என்று ஒரு வரி உள்ளே இருந்தால், அந்தக் கையெழுத்தைத் தராமல் இருப்பதன் மூலமே பணத்தை நிறுத்திவிடலாம். பையர் சொல்லும் ஃபார்வர்டரிடம்தான் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்) சரக்கைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஆபத்தானது. அந்த ஃபார்வர்டர் கொடுக்கும் ஹவுஸ் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ரசீது) நம் வங்கியில் இருக்கும்போதே, அங்குள்ள அவருடைய கூட்டாளி சரக்கை விடுவித்துவிட்ட கதைகள் நம் ஊரிலேயே உண்டு.

ஒப்புதலான சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, முத்திரையிட்ட ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி ஆய்வில் தேறிய சரக்கின் மேல் புகார் எழுந்தால், இரு தரப்பும் ஏற்கும் ஆய்வகத்தின் அறிக்கையே முடிவானது என்றும், அதுவரை ஆகும் டெமரேஜ் யார் பொறுப்பு என்றும் ஆர்டர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால், குறைந்தபட்சம் துணிக்கும் சாயத்துக்கும் ஆகும் செலவு முன்பணமாக வராமல் நிட்டிங்கைத் தொடங்காதீர்கள்.

அந்த ஏஜென்ட் இப்போது வேறு பெயரில் புதிய யூனிட்டுகளிடம் சாம்பிள் கேட்டு வருவதாகக் கேள்விப்படுகிறேன். இத்தகைய புகார் வந்திருப்பவர்கள், தள்ளுபடிக்கான கிரெடிட் நோட்டில் (விலையைக் குறைத்துக்கொண்டதாக நாம் தரும் சீட்டு) கையெழுத்திடுவதற்கு முன் வங்கியிடமும் வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள். கையெழுத்திட்ட பிறகு மீதித் தொகையைக் கேட்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது.