ஃபயர் போல்ட்டுக்கு ஸ்னீக் அட்டாக் உண்டா? ஓசியில் கிடைத்த விதிப்புத்தகம், தடைக்கால மதிப்புரை

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகலைன்னா ஐஸ் போகாது. ஐஸ் போகலைன்னா, பாம்பன்ல ஐஸ் கம்பெனி கணக்கு எழுதுற எனக்கு நாலு மணிக்கே வேலை முடிஞ்சிரும். அந்த ரெண்டு மாசத்தை ஓட்டத்தான் இதை எடுத்தேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக் கதை ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு இருக்கே, அதோட ஐந்தாம் பதிப்புக்கான இலவச விதித்தொகுப்பு, எஸ்.ஆர்.டி. 5.1. 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டாங்க, அதனால பிரிண்ட் போட்டாலும் தப்பில்லை. நானூறு பக்கம். ராமநாதபுரத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில முன்னும் பின்னுமா அடிச்சு, ரெண்டு ஸ்பைரலாப் பிரிச்சு வாங்கினேன். "டி.என்.பி.எஸ்.சி. மெட்டீரியலா சார்?"னு கேட்டார் கடைக்காரர். ஆமான்னுட்டேன்.

ஆடினது எங்க வீட்டுத் திண்ணையில, மூணே பேர். நான் டி.எம்., கதையை நடத்துறவன். தங்கச்சி மகன் ஹை எல்ஃப் இனத்து ரோக், அதாவது பதுங்கி அடிக்கிற திருடன். கீழக்கரையிலேர்ந்து பஸ் பிடிச்சு வர்ற காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) விஸார்ட், மந்திரவாதி. காக்கா துபாய்ல இருந்தப்போ இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு ஆடினவர். பின்னாடி வந்த சண்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

தரையில சாக்பீஸால தனுஷ்கோடி தேவாலயத்தை வரைஞ்சிருந்தேன், 1964 புயலுக்கு அப்புறம் மொட்டைச் சுவரா நிக்குதே, அது. உள்ள எதிரியா ரெண்டு கோப்ளின், குட்டிப் பூதம். மாப்ள சுவருக்குப் பின்னால பதுங்கிட்டான். ஹை எல்ஃபுக்கு விஸார்ட் பட்டியல்லேர்ந்து ஒரு கேன்ட்ரிப், எத்தனை தடவை வேணும்னாலும் போடுற சின்ன மந்திரம், கிடைக்கும். அவன் நெருப்பை வீசுற ஃபயர் போல்ட் எடுத்து வச்சிருந்தான். பதுங்கி அடிக்கிறதால அட்வான்டேஜ், இருபதுமுகப் பகடையை ரெண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கலாம். பட்டுருச்சு. உடனே ஃபயர் போல்ட் சேதத்துக்கான பத்துமுகப் பகடையோட ஒரு ஆறுமுகப் பகடையையும் கையில எடுத்தான்.

"ஆறுமுகம் எதுக்கு மாப்ள?"

"ஸ்னீக் அட்டாக் மாமா. அட்வான்டேஜ் இருக்குல்ல."

"உண்டு, உண்டு, ரே-க்கு உண்டு"ன்னார் காக்கா.

ஸ்னீக் அட்டாக்னா அசந்த எதிரியை அடிச்சா ரோக்குக்குக் கிடைக்கிற கூடுதல் சேதம். ரே-ன்னா கதிர் மாதிரிப் பாயுற மந்திரம். அவர் ஆட்டத்துல அது சரிதான். பாத்ஃபைண்டர் முதல் பதிப்புல, குறி வச்சு அட்டாக் ரோல் (பட்டுச்சான்னு பார்க்க உருட்டுறது) போட்டுச் சேதம் தர்ற மந்திரம் எதுக்கும் ஸ்னீக் அட்டாக் சேரும். எதிரி அசந்திருக்கணும், முப்பது அடிக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். சேதம் மூணு பாயின்ட் தாண்டாத ரே ஆஃப் ஃப்ராஸ்டை ஒரு ரோக் கையில கொடுத்தா கவசத்தையே மதிக்காமப் போய்க் குத்தும்.

இந்தப் புத்தகத்துல அப்படி இல்லை. என் குறையும் இங்கதான். ரோக் பகுதியில ஒரு வாக்கியம், அட்வான்டேஜோட 'ஒரு அட்டாக்' பட்டா கூடுதல் சேதம்னு முடியுது. மாப்ள அதோட நிறுத்திட்டான். ஃபினெஸ் ஆயுதமோ (லாவகமா வீசுறது) ரேஞ்ச்டு ஆயுதமோ (தூரத்துலேர்ந்து அடிக்கிறது) இருக்கணும்ங்கிறது அதுக்கடுத்த குட்டி வாக்கியம். ஃபயர் போல்ட் ஆயுதம் இல்லை, அது ஸ்பெல் அட்டாக், மந்திர அடி. ஃப்ளேம் பிளேடு கையில வாள் மாதிரியே எரியும், அதுவும் ஸ்பெல் அட்டாக்தான், சேராது. மேஜிக் மிஸைல், ஃபயர்பால் ரெண்டுலயும் அட்டாக் ரோலே கிடையாது, பேச்சே இல்லை. இதெல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கலாம்ல? நூறு பக்கம் தள்ளி மந்திரப் பகுதியில ஒவ்வொண்ணாப் படிச்சுத்தான் ஆகணும்.

ரெண்டு சாயங்காலம் இதே வழக்கு. நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா பொறுக்க முடியாம நடுவுல வந்தாங்க. "வாலிய மரத்துக்குப் பின்னால நின்னு அடிச்சாரே ராமர், அது உங்க கணக்குல சேருமா சேராதா?"

"வில்லு அம்பு அம்மாச்சி, ரேஞ்ச்டு வெப்பன். சேரும்."

நான் விடலை. எதிரிக்கு அஞ்சடிக்குள்ள நம்மாளு ஒருத்தன் நின்னு மோதினாலே போதும், அட்வான்டேஜே வேண்டாம்னு விதியில இருக்கு. சுக்ரீவன் வாலியோட கட்டிப் புரண்டுக்கிட்டிருக்கானே, மறையத் தேவையே இல்லைன்னேன்.

"அப்புறம் எதுக்கு மறைஞ்சாராம்?"

காக்கா சிரிச்சுக்கிட்டே டீயை எடுத்துக்கிட்டார். என்கிட்ட பதில் இல்லை.

ராத்திரி கணக்கு நோட்டுல போட்டுப் பார்த்தேன். முதல் லெவல்ல டெக்ஸ்டெரிட்டி (கை லாவகம்) 16 உள்ள ரோக், ஷார்ட்போங்கிற குட்டி வில், ஸ்னீக் அட்டாக் சேர்த்துச் சராசரி சேதம் 10. ஃபயர் போல்ட்டுக்கு ஸ்னீக் அட்டாக் உண்டுன்னு ஒத்துக்கிட்டாலும் 9. மந்திரத்துக்குக் குறி பார்க்கிறது இன்டெலிஜென்ஸ், அது 12 வச்சிருக்கிற மாப்ளைக்குக் குறியும் ரெண்டு பாயின்ட் கம்மி. பய ஒரு பாயின்ட் நஷ்டத்துக்குத்தான் ரெண்டு நாள் சண்டை போட்டிருக்கான்! ஆனா 17-ம் லெவலுக்குப் போனா கதை வேற. கேன்ட்ரிப் தானா வளர்ந்து நாலு பத்துமுகம் ஆகும், ஸ்னீக் அட்டாக் ஒன்பது ஆறுமுகம் ஆகும். ரெண்டும் சேர்ந்தா 53.5, வில்லுக்கு டெக்ஸ்டெரிட்டி 20-ஆ வளர்ந்திருந்தாலும் 40. விதி நியாயமானதுதான். எழுதின இடம்தான் சரியில்லை.

மந்திரமும் ரோக்கும் சேரவே சேராதுன்னு நினைச்சிராதீங்க. காக்கா ஃபைண்ட் ஃபெமிலியர்ங்கிற மந்திரத்துல துணைக்கு ஒரு ஆந்தையைக் கூப்பிட்டார். அது கோப்ளின் முகத்துக்கு நேரா சிறகைப் படபடன்னு அடிச்சு ஹெல்ப் பண்ணிட்டுப் பறந்துரும், மாப்ளைக்கு அட்வான்டேஜ். மூணாம் லெவலுக்கு வந்தப்போ ஆளை அசையவிடாத ஹோல்ட் பெர்சன் மந்திரத்தைப் போட்டார். கோப்ளின் தலைவன் அப்படியே சிலையா நின்னான். அஞ்சடிக்குள்ளேர்ந்து பட்டா தானாவே கிரிட்டிக்கல், பகடை எல்லாம் இரட்டிப்பு, ஸ்னீக் அட்டாக் பகடையும் சேர்த்து. ரேபியர்ங்கிற மெல்லிசு வாளுக்கு ரெண்டு எட்டுமுகம், ஸ்னீக்குக்கு நாலு ஆறுமுகம். எங்ககிட்ட இருந்தது மூணே ஆறுமுகம். ஒண்ணைத் திரும்ப உருட்டினான். அன்னைக்கு அவன் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

ஓசி சரக்குங்கிறதால சில சாமான் இல்லை. ரோக்குல தீஃப்ங்கிற ஒரு வகை மட்டும்தான் இருக்கு, மந்திரம் போடுற வகையான ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் கிடையாது. பூமிங் பிளேடுங்கிற கேன்ட்ரிப்பும் கிடையாது. கையில இருக்கிற ஆயுதத்தாலயே அடிக்கிற மந்திரம்ங்கிறதால அதுக்கு ஸ்னீக் அட்டாக் சேரும். அதுக்கெல்லாம் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கணும். மத்தபடி மூணு பேர் ஒரு தடைக்காலம் முழுக்க ஆட இது போதும், அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம்.

படகு கடலுக்குப் போன மறுநாள் மாப்ள வாட்ஸப்ல ஒரு பி.டி.எஃப். அனுப்பினான். எஸ்.ஆர்.டி. 5.2, 2025 ஏப்ரல்ல வந்தது, இதுவும் இலவசம். அதுல ட்ரூ ஸ்ட்ரைக்ங்கிற மந்திரத்தை மாத்திட்டாங்க, ஆயுதத்தாலயே அடிக்கிற கேன்ட்ரிப் ஆயிருச்சு. ஹை எல்ஃப் எடுத்துக்கலாம், ஷார்ட்போலயும் போடலாம், ஸ்னீக் அட்டாக்கும் சேரும். கீழ ஒரே வரி: "இப்ப என்ன சொல்றீங்க மாமா?"

ஞாயித்துக்கிழமை ராமநாதபுரம் போறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டா இந்தத் தடவை குரூப் 2-ன்னு சொல்லணும்.