உறைபனிக் காலையில் ஆயில் என்ஜின்: ஒன்பது வருடப் பழக்கம்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் கேரட் தோட்டம் ஓடைக்கு மேலே சரிவில் இருக்கிறது. தண்ணீரை மேலேற்ற 2015-ல் கோவையில் செய்த 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின், அதாவது டீசல் என்ஜின், ஒன்றை வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. பேட்டரியும் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டரும் கிடையாது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் உண்டு. மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் இதைப்போல் பொறுமையான வேலைக்காரன் கிடையாது. என் வழக்கெல்லாம் அந்த ஆரம்பத்தைப் பற்றித்தான்.

மலையில் விவசாயம் செய்யாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நீர்ப்பனி வரும், டிசம்பர் ஜனவரியில் உறைபனி இறங்கும். இலைமேல் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் பனியின்மேல் நேரே வெயில் பட்டால் பயிர் கருகிவிடும். அதனால் சூரியன் மேட்டைத் தாண்டுவதற்குள் ஸ்பிரிங்க்லரைத் திறந்து பனியைக் கழுவிவிட வேண்டும். வருடத்திலேயே அதிகக் குளிரான நாளில், அந்த நாளிலேயே அதிகக் குளிரான நேரத்தில் என்ஜின் எடுத்தாக வேண்டும். பகல் பதினொரு மணிக்கு எத்தனை சமர்த்தாக எடுத்தாலும் எனக்குப் பயனில்லை.

முதல் மூன்று குளிர்காலம் பிரச்சினை இல்லை. நான்காவதில் இருபது சுற்று, முப்பது சுற்று என்று ஆயிற்று. ஒரு நாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டு நான் ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்க, கால் ஏக்கர் கேரட் தழை என் கண்ணெதிரே கருகியது. "குளிர் தம்பி, குளிருக்கு என்ன செய்ய முடியும்" என்றார்கள் எல்லோரும். நானும் இரண்டு வருடம் அதையே நம்பினேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் துணியைப் பெட்ரோலில் நனைத்து ஏர் ஃபில்டர் வாயில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், எடுத்தது. ஆனால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னே பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் உடையும், ஹேண்டில் எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும். எனக்கு அடித்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்திருந்ததால் மணிக்கட்டு தப்பியது. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

பிறகு என்ஜினைப் பிக்கப் வண்டியில் ஏற்றி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார்கள், டீசல் பம்ப்பின் உட்பகுதியை மாற்றினார்கள், பில் 6,800 ரூபாய். மத்தியான வெயிலில் மெக்கானிக் ஒரே சுற்றில் எடுத்துக் காட்டினார். "என்ஜினில் ஒன்றுமில்லை, உங்கள் கையில்தான் வலுவில்லை" என்று சிரித்தார். மறுநாள் காலை தோட்டத்தில் அதே முப்பது சுற்று.

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அமுக்கும் விகிதம் 17-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் காற்றில் ஒரு டிகிரி குறையும்போது அமுக்கி முடித்த காற்றில் இரண்டரை டிகிரிக்கு மேல் குறைகிறது. மேட்டுப்பாளையத்து மத்தியானத்துக்கும் எங்கள் விடியற்காலைக்கும் இடையே முப்பது டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். போதாததற்கு, 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதையெல்லாம் நல்ல என்ஜின் தாங்கிக்கொள்ளும். எங்கோ காற்றை ஒழுகவிடும் என்ஜின் கீழே சமாளித்துவிடும். மேலே வந்தால் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் கண்டுபிடித்தவர், குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "நான் ஆறு மணிக்கு வருகிறேன். அதுவரைக்கும் நீ அதைத் தொடக்கூடாது தம்பி. நோய் இருக்கும்போதுதான் நாடி பார்க்க வேண்டும்" என்றார்.

வந்தவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. அமுக்கம் இல்லாமல் சுற்றவிடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து மெதுவாகச் சுற்றச் சொன்னார். நாசில் 'கிர்க், கிர்க்' என்று பேசியது. டீசல் வருகிறது, டீசல் குழாயில் ஏர் பிடிக்கவில்லை. அடுத்து வேகமாகச் சுற்றி லீவரை விடச் சொன்னார். எடுக்கவில்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை மட்டும் வந்தது. "புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. இரண்டு வருடமாக இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே 6,800 ரூபாயை டீசல் பக்கத்தில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

பிறகு லீவரைக் கீழே விட்டு, ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைக் கையால் அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். நல்ல கம்ப்ரஷன் (அமுக்கம்) பந்துபோல் திருப்பித் தள்ள வேண்டும். என் கையில் அது சோர்ந்துபோய் அடங்கியது. காற்று எங்கே ஒழுகுகிறது என்று அவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஏர் ஃபில்டரில் சீறினால் காற்று உள்ளே வரும் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், புகைக்குழாயில் சீறினால் புகை வெளியேறும் வால்வு. எங்களுடையது புகைக்குழாயில் 'உஸ்' என்றது. ஓடையின் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது.

உறுதிப்படுத்த, காற்று போகும் குழாயில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டுச் சுற்றினார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து, கம்ப்ரஷன் சட்டென்று கூடும். எங்களுக்குக் கூடவில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது புகை வால்வின் உட்காரும் வளையம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது. வால்வைத் திறக்கும் டேப்பட்டில் இடைவெளியே இல்லை, வால்வு முழுக்க மூடியதே இல்லை. வால்வு கிரைண்டிங், புது ஹெட் கேஸ்கட், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டேப்பட், எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் டேப்பட்டை நானே பார்த்துவிடுகிறேன்.

இரண்டு சில்லறை மாற்றங்களும் உதவின. 40 கிரேடு ஆயில் விடியற்குளிரில் தேன்போல் கெட்டியாகி ஃப்ளைவீலின் காலைப் பிடிக்கும். சுற்று மெதுவானால் அமுக்கும் காற்றுக்கு ஒழுகவும் ஆறவும் நேரம் கிடைத்துவிடுகிறது. இப்போது குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றுகிறேன். இரவு, உறைந்தால் சிலிண்டர் வெடிக்குமே என்று தண்ணீரை வடித்துவிடுகிறேன். காலையில் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு எடுக்கிறேன். கொதிநீர் கூடாது, குளிர்ந்த இரும்பு விரிசல் விடும். வீட்டு அடுப்பில் என் காபிக்கு முன்னால் என்ஜினின் வெந்நீர் ஏறுவதில் அம்மாவுக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை.

போன ஜனவரியில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் மூன்றாவது சுற்றில் எடுத்தது. ஓடைக்கரையில் நின்ற காட்டெருமை இரண்டும் சத்தத்துக்கு மேட்டில் ஏறிவிட்டன.

மீண்டும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் மலையில் பழைய என்ஜினை வாங்குபவர்கள் மத்தியானம் போய்ப் பார்க்காதீர்கள். இந்த நவம்பரில் டேப்பட் பார்த்த கையோடு தேக்கரண்டி ஆயில் சோதனையையும் செய்தேன். இந்த முறை கம்ப்ரஷன் கொஞ்சம் கூடியது. அடுத்த மழைக்காலத்துக்குள் ரிங் செட் ஒன்று வாங்கிவைக்க வேண்டும்.