சாஃப்ட்னர் வாங்கும் முன்: கம்பிச் சோதனையைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்

போர் தண்ணீர் பயன்படுத்தும் ஒரு வீட்டில் நடந்தது இது. விற்க வந்தவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேசையில் வைத்தார். ஒன்றில் வீட்டுத் தண்ணீர், மற்றதில் அவரே கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போட்டார். சிறிது நேரத்தில் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிச் சேறு மிதந்தது. "இதில்தான் தினமும் குளிக்கிறீர்கள்" என்றார். அன்றைக்கே முன்பணம் கைமாறியது. பொருத்திய சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) மூன்றாம் நாளே பழைய கடின நீரைக் கொடுக்க ஆரம்பித்தது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

அந்தச் சேறு கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து, துரு நிறத்தில் படிகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, தெளிவாகவே நிற்கும். யாராவது இதைச் செய்து காட்டினால், அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

அடுத்து டீடிஎஸ் மீட்டர். டீடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. மீட்டர், தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும் அளந்து, ஒரு கணக்கில் பெருக்கிக் காட்டும். கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும்தான். சாஃப்ட்னர் அவற்றைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, ஆகவே டீடிஎஸ் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். "எங்கள் சாஃப்ட்னர் டீடிஎஸ்ஸைப் பாதியாக்கும்" என்று சொன்னால் அது பொய். கடினத்தன்மையை அளக்கச் சொட்டு விட்டுச் சோதிக்கும் கிட் போதும். தண்ணீரில் நிறங்காட்டி சேர்த்ததும் ஒயின் சிவப்பாகும், பிறகு சொட்டுகளை எண்ணி விட, நீலமாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுக்கு எத்தனை என்பது கிட்டின் மேல் எழுதியிருக்கும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 180-க்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு.

முதலில் சொன்ன வீட்டின் தண்ணீரை அப்படி அளந்தபோது லிட்டருக்கு 600 மில்லிகிராம் வந்தது. ஏமாற்று முழுவதும் இதற்குப் பிறகான கணக்கில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் செலவானால், பிடிக்க வேண்டிய கடினத்தன்மை 600 கிராம். நல்ல ரெசின் (சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் சிறு மணிகள்) ஒரு லிட்டர், 160 கிராம் உப்பு கரைத்த நீரில் கழுவிப் புதுப்பித்தால், ஏறத்தாழ 55 கிராம் பிடிக்கும். விற்றது 25 லிட்டர் ரெசின். 25-ஐ 55-ஆல் பெருக்கினால் 1,375 கிராம். அதாவது இரண்டு நாளைக்குச் சற்று மேல். ஒவ்வொரு கழுவலுக்கும் 4 கிலோ உப்பு, மாதத்துக்கு 60 கிலோ. சொல்லி விற்றதோ "பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒரு பாக்கெட் உப்பு". இயந்திரம் பழுதானதல்ல, கணக்கை மறைத்து விற்றிருக்கிறார்கள். இன்னும் மோசம், உப்புத் தொட்டியில் நீர்மட்டத்தை நிறுத்தும் மிதவையைத் தாழ்வாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம் உப்புதான் கரையும். 4 கிலோ கரைய 11 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதில் நின்றது நாலைந்து லிட்டர். ரெசின் பாதிகூடப் புதுப்பிக்கப்படவில்லை.

இதே கணக்கை ஷவரில் மாட்டும் சிறு ஃபில்டருக்கும் வாஷிங் மெஷின் குழாயில் மாட்டும் உருளைக்கும் போட்டுப் பாருங்கள். உள்ளே அரை லிட்டர் ரெசின் என்றால் பிடிப்பது 27 கிராம், 600 கடினத்தன்மையுள்ள தண்ணீரில் 45 லிட்டருக்குத்தான் வரும். இரண்டு பெரிய வாளி. "ஆறு மாதம் வரும்" என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள் என்று கோபம்தான் வருகிறது. குழாய்மேல் கட்டும் காந்தமும் சுற்றிய ஒயரும் கால்சியத்தை எடுப்பதே இல்லை. முன்னும் பின்னும் கிட்டில் சோதித்தால் அதே எண்தான் வரும்.

பயமுறுத்தலிலும் விழ வேண்டாம். குடிநீரின் கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் வைக்கவில்லை. தொல்லை பொருட்களுக்குத்தான்: சோப்பு நுரைக்காமல் திரிந்து பிசுக்காகும், துணி விறைக்கும், கீசர் காயில்மேல் சுண்ணாம்பு ஏறி, சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி அது எரிந்துபோகும். சாஃப்ட்னர் வைத்தால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 100 கடினத்தன்மை நீங்கும்போது லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும், 600-க்கு 276. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் சமையலறைக் குழாயையும், செடிகளுக்குப் போகும் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியவை: முன்னால் மண் வடிகட்டி இருக்கிறதா, பைபாஸ் வால்வு முழுதாக மூடியிருக்கிறதா (பாதி திறந்திருந்தால் கடின நீர் கலந்துகொண்டே இருக்கும்), கழிவுக் குழாயின் நுனி சாக்கடைக்குள் முங்காமல் மேலே நிற்கிறதா. தண்ணீர் வாளியில் நின்று செம்மஞ்சளாக மாறினால் இரும்பு இருக்கிறது. அதை முதலில் எடுக்காவிட்டால் ரெசின்மேல் படிந்து அதை வீணாக்கிவிடும். மண் கலந்த மலிவு உப்பு, உப்புநீரை உறிஞ்சும் இன்ஜெக்டரை அடைக்கும்.

சாஃப்ட்னரே வேண்டாம் என்றால் கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள், படிவு மெதுவாகும். ஷவர் முகப்பைக் கழற்றி, லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிட்டால் துளைகள் திறக்கும். பளிங்குத் தரையில் அந்த நீர் படக் கூடாது. கழிவறை ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் குரோம் பூச்சு உரியும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங்கோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

வாங்குவதானால் ரெசின் எத்தனை லிட்டர், ஒரு கழுவலுக்கு எத்தனை கிலோ உப்பு, இரண்டு கழுவலுக்கு நடுவே எத்தனை லிட்டர் மென்னீர் என்ற மூன்று எண்களையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டாவது கழுவல் முடிந்து, உங்கள் குளியலறைக் குழாயில் உங்கள் கிட்டால் நீங்களே அளந்து பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.