மீட்டரில் 12.84 காட்டினால் பேட்டரி நல்லாயிருக்கு என்று நம்பிவிடாதீர்கள்

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். போன மாதம் 3,500 ரூபாய் ஏமாந்தேன்.

எங்களுடையது நான்கு வருடம் ஓடிய 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. மூன்று மணி நேரம் தாங்கியது, அரை மணிக்கு வந்துவிட்டது. பார்க்க வந்தவர், "புதுசு எதுக்கு சார், ரீகண்டிஷன் பண்ணித் தரேன்" என்று எடுத்துப் போனார். அப்போது மீட்டரில் 12.2 வோல்ட். இரண்டு நாளில் கொண்டுவந்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்: 12.84. "பாருங்கம்மா, புதுப் பேட்டரி மாதிரி." அம்மா காபி கொடுத்து அனுப்பினார்.

அன்று இரவே கரண்ட் போனது. இரண்டு ஃபேன், ஒரு டியூப்லைட். இருபத்தைந்து நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது.

மறுநாள் வேறொரு மெக்கானிக் மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சினார். உள்ளே மிதவை பச்சைக் கோட்டையும் தாண்டி மேலே வந்து 1.300-இல் நின்றது, அதாவது தண்ணீரைப் போல 1.3 மடங்கு அடர்த்தி. ஆறு செல்லிலும் அதே கதை. இந்த வகை பேட்டரிக்கு ஃபுல் சார்ஜிலேயே 1.240, 1.250 தான் இருக்கும். "உள்ள இருக்கிற ஈயப் பிளேட்டைத் தொடவே இல்ல சார், ஆசிட்டை ஏத்திவிட்டிருக்காங்க" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த நெர்ன்ஸ்ட் சமன்பாடு அப்போதுதான் உறைத்தது. மின்கலத்தின் வோல்டேஜ் கரைசலில் உள்ள அயனிகளின் செறிவைப் பொறுத்தது. துத்தநாகம்-தாமிரம் செல்லில் இரண்டு கரைசலும் ஒரே செறிவு என்றால் 1.10 வோல்ட், துத்தநாக அயனியைப் பத்தில் ஒரு பங்காக்கினால் கிட்டத்தட்ட 1.13. லெட்-ஆசிட் பேட்டரியில் ஆசிட்டே வினையில் பங்கெடுக்கிறது, அதனால் அது கெட்டியானால் வோல்டேஜ் ஏறும். ஹைட்ரோமீட்டர் அளவோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய வந்துவிடும். 1.300 என்றால் 2.14; ஆறு செல்லுக்கு 12.84. அவர் காட்டிய அதே எண்!

ஆனால் எவ்வளவு நேரம் ஓடும் என்பது பிளேட்டில் வேலை செய்யும் ஈயம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பழைய பேட்டரியில் சல்பேட் கெட்டியாகப் பிளேட்டில் படிந்துவிடும், அதனால்தான் ஆசிட் நீர்த்துப்போகிறது. மேலே புது ஆசிட் ஊற்றினால் எண் மட்டும் ஏறும், சல்பேட் கரையாது. போதாக்குறைக்கு, கெட்டி ஆசிட் மிச்சமிருக்கும் பிளேட்டையும் சீக்கிரம் அரிக்கும். அளவு குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

யாராவது ரீகண்டிஷன் என்று வந்தால், கொடுக்கும் முன்பும் வாங்கும்போதும் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் மெயினை அணைத்து, வழக்கமான ஃபேன், லைட்டைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வோல்டேஜ் காட்டித்தானே சார் கொடுத்தேன்" என்று போனை வைத்துவிட்டார்.