கேஷ் ஐசா: வட்டிக்கு முன் லைசென்ஸைப் பாருங்கள்

பிரிட்டனில் கேஷ் ஐசா, அதாவது வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு, தொடங்க நினைப்பவர்கள் வட்டிப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். ஒரு சதவீதம் கூடக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் பணம் யாருடைய பேங்க் லைசென்ஸின் கீழ் உட்காரப்போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பேங்க் திவாலானால் ஒருவருக்கு 1,20,000 பவுண்டு வரை எஃப்எஸ்சிஎஸ் என்ற இழப்பீட்டுத் திட்டம் திருப்பித் தரும். 2025 டிசம்பர் 1-க்கு முன் இது 85,000 ஆக இருந்தது. 2007-இல் நார்தர்ன் ராக் பேங்க் தடுமாறி, பணம் எடுக்க அதன் வாசலில் வரிசை நின்றபோது முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழுப் பாதுகாப்பு; அடுத்த 33,000-க்கு 90 சதவீதம். ஜனங்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. இன்று நிலைமை வேறு. வரம்புக்குள் இருக்கும்வரை பார்க்லேஸ் போன்ற பெரிய பேங்கும் ஒரு சின்ன பில்டிங் சொசைட்டியும் (உறுப்பினர்களுக்கே சொந்தமான சேமிப்பு, வீட்டுக்கடன் நிறுவனம்) ஒரே அளவு பத்திரம்தான். பெயர் பெரிது என்பதற்காகக் குறைந்த வட்டிக்குச் சம்மதிப்பதில் அர்த்தமில்லை. 2008-இல் டெர்பிஷயர், செஷயர் சொசைட்டிகள் தடுமாறியபோது பெரிய சொசைட்டியான நேஷன்வைட் அவற்றைச் சேர்த்துக்கொண்டது, சேமித்தவர்களின் பணம் போகவில்லை. கிளைக்கு நேரில் போய்ப் பேச விரும்புகிறவர்களுக்கு என் ஓட்டு பில்டிங் சொசைட்டிக்கே.

ஒரு சிக்கல் உண்டு. வரம்பு பெயர்ப்பலகைக்கு அல்ல, லைசென்ஸுக்கு. ஹாலிஃபேக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே லைசென்ஸ்; எச்எஸ்பிசியும் ஃபர்ஸ்ட் டைரக்டும் அப்படியே. இரண்டிலும் பிரித்துப் போட்டாலும் மொத்தத்துக்கு ஒரே வரம்புதான். லாயிட்ஸ், ஹாலிஃபேக்ஸ் இருக்கும் அதே குழுமம் என்றாலும் தனி லைசென்ஸ். ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ ஆகியவற்றின் பிரிட்டன் பேங்குகள் அங்கேயே பதிவான கம்பெனிகள். எஃப்எஸ்சிஎஸ் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மும்பைத் தலைமையகம் பெரியதா சிறியதா என்பது இதில் கணக்கே இல்லை.

அரசின் சேமிப்பு நிறுவனமான என்எஸ் அண்ட் ஐ விஷயம் தனி. 1861-இல் தபால் நிலைய சேமிப்பு வங்கியாகத் தொடங்கியது, இன்று முழுத் தொகைக்கும் நிதியமைச்சகமே பொறுப்பு. ஆனால் அதன் ஐசா வட்டி பெரும்பாலும் சந்தையின் உச்சத்தில் இருப்பதில்லை. பல வருட ஐசா சேர்ந்து வரம்பைத் தாண்டியவர்களுக்கு அது சரி. 40,000 பவுண்டு வைத்திருப்பவர் அங்கே போனால் தேவையில்லாத பாதுகாப்புக்காக வட்டியை விட்டுக்கொடுக்கிறார்.

செயலிகள்தான் இப்போது பட்டியலின் மேலே நிற்கின்றன: டிரேடிங் 212, மணிபாக்ஸ், பிளம். இவை பேங்க் அல்ல. நம் பணத்தை வேறு பேங்குகளில் வைக்கின்றன. எந்த பேங்க் என்று பாருங்கள், அங்கே உங்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தால் இரண்டும் சேர்த்தே எண்ணப்படும். ஒரு பகுதியை மணி மார்க்கெட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன்களில் போடும் முதலீட்டு நிதி) வைக்கலாம் என்று விதிமுறையில் இருந்தால், அந்தப் பகுதிக்கு டெபாசிட் பாதுகாப்பு கிடையாது. அப்புறம், மேலே தெரியும் வட்டியில் போனஸ் எவ்வளவு, அது எத்தனை மாதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து இவற்றில் எதிலும் இல்லை, ஐசா என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வருவதில் இருக்கிறது. லண்டன் கேபிட்டல் அண்ட் ஃபைனான்ஸ் என்ற நிறுவனம் 8 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி 'ஃபிக்ஸட் ரேட் ஐசா' விற்றது. உள்ளே இருந்தவை மினி பாண்டுகள், அதாவது நிறுவனத்துக்கே கடன் கொடுக்கும் பத்திரங்கள். ஐசாவுக்குத் தகுதியே இல்லாதவை. 2019 ஜனவரியில் கவிழ்ந்தபோது 11,600-க்கும் அதிகமானவர்களின் சுமார் 23.7 கோடி பவுண்டு சிக்கிக்கொண்டது. நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவின் அனுமதி பெற்ற நிறுவனம்தான் அது! அனுமதி நிறுவனத்துக்கு, விற்ற பாண்டுக்கு அல்ல. ஆகவே 'எஃப்சிஏ அனுமதி' என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். எஃப்எஸ்சிஎஸ் தளத்தில் பேங்கின் பெயரைப் போட்டு டெபாசிட் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் பணத்தைப் பிறருக்குக் கடனாகக் கொடுக்கும் இனோவேட்டிவ் ஃபைனான்ஸ் ஐசாவுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று: பிரிட்டனை விட்ட பிறகு ஐசாவை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பணம் போட முடியாது. இந்தியாவில் முழு ரெசிடென்ட் ஆனதும் அந்த வட்டிக்கு அங்கே வரி உண்டு.

பழைய ஐசாவை மாற்றும்போது பணத்தைக் கையில் எடுக்காதீர்கள், எடுத்தால் வரிச்சலுகை போய்விடலாம். புதிய இடத்தில் டிரான்ஸ்ஃபர் படிவம் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.